ஏவுகணை கிடைத்தது, கதை தொலைந்தது

தமிழில் தொடர்கதை படித்தவர்கள் தியேட்டரில் ஏமாந்த கதை பழையது. கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ மாமல்லபுரத்துச் சிற்பங்களும் காஞ்சி அரண்மனையும் கலந்த நாவல். 1960-இல் யோகானந்த் இயக்கத்தில் படமாகி தேசிய விருதும் பெற்றது, வசூலில் மட்டும் சோபிக்கவில்லை. ஆனால் எதிர்காலத்தையும் ஆயுதத்தையும் நம்பி எடுத்த படம் எங்கே சறுக்குகிறது என்று பார்க்க, 1986-இல் வந்த ‘விக்ரம்’ போதும்.

குமுதத்தில் சுஜாதா எழுதிய தொடர்; கமல்ஹாசன் தயாரிப்பு, ராஜசேகர் இயக்கம். அக்னிபுத்ரா என்ற ஏவுகணை கடத்தப்படுகிறது. மனைவியைப் பறிகொடுத்த உளவு அதிகாரி, கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணோடு தேடிப் போகிறான். இடைவேளை வரை படத்தில் முறுக்கு இருக்கிறது. சத்யராஜின் சுகிர்தராஜா சிரித்துக்கொண்டே கொல்லும் வில்லன், இன்றும் பேசப்படுகிறார். பிறகு சலாமியா என்றொரு கற்பனை நாடு வருகிறது. அம்ஜத்கான் ராஜா, டிம்பிள் கபாடியா இளவரசி, ஜனகராஜ் மொழிபெயர்ப்பாளர். ஏவுகணை விழப்போவது நம் தலையில். படமோ அரண்மனையில் காதலும் காமெடியுமாக உட்கார்ந்துவிடுகிறது. அச்சில் சுஜாதாவின் குறும்பான நடை தாங்கிப் பிடித்த அபத்தம், திரையில் வெறும் செட்டாக நிற்கிறது. (2022-இல் லோகேஷ் கனகராஜ் தன் ‘விக்ரம்’ படத்துக்குப் பெயரையும் ஆளையும் மட்டும் எடுத்துக்கொண்டு சலாமியாவை விட்டுவிட்டது புத்திசாலித்தனம்.)

இத்தனைக்கும் பயம் பக்கத்திலேயே இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டரில் கல்பாக்கம். முதல் அணுமின் அலகு 1983-இல் இயங்கத் தொடங்கியது. வேக ஈனுலையின் சோதனை உலை 1985 அக்டோபரில். அதாவது ‘விக்ரம்’ திரைக்கு வர ஏழெட்டு மாதம் முன்பு. ஒரு பக்கம் கட்டுமரம், மறுபக்கம் அணு உலை என்ற கடற்கரையை விட்டுவிட்டு சலாமியாவுக்குப் போனார்கள். 2004 டிசம்பர் 26 அன்று மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கிப் பாறைகளைக் காட்டியது. அதே சுனாமி அலை கல்பாக்கம் குடியிருப்புக்குள்ளும் புகுந்தது. எந்தத் திரைக்கதையும் இதை முன்கூட்டி யோசிக்கவில்லை.

படம் பார்க்க வருபவர்கள் யார் என்பதும் இதில் உண்டு. சென்னைப் புறநகர்த் தியேட்டர்கள் பலவும் விநியோகக் கணக்கில் செங்கல்பட்டு ஏரியாவில்தான் சேரும். அங்கே குமுதம் படித்தவரும் டிக்கெட் வாங்குவார், படிக்காதவரும் வாங்குவார். முதலாமவருக்குப் படித்தது வேண்டும், இரண்டாமவருக்குப் புரிய வேண்டும். ஏவுகணையைக் காட்டி இருவரையும் சமாளித்துவிடலாம் என்பது தயாரிப்பாளர்களின் நெடுநாள் நம்பிக்கை. ஹாலிவுட்டுக்கும் இதே வியாதி உண்டு. ‘டைவர்ஜென்ட்’ வரிசையின் கடைசி நாவலை இரண்டு படமாக இழுக்கப் பார்த்தார்கள். 2016-இல் ‘அலீஜியன்ட்’ படுத்ததும் முடிவுப் படம் வரவேயில்லை.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’தான் தமிழின் உண்மையான இருண்ட எதிர்கால நாவல். அதில் எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்: நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற்றுக்கொள்ள அரசு அனுமதிக்க வேண்டும். நாட்டை ஆளும் ஜீவாவோ வெறும் ஒளிப்பிம்பம். தூர்தர்ஷன் இதைத் தொடராக்கியது. பெரிய திரை இன்னும் தொடவில்லை. கதை நடக்கும் 2021-22 கடந்தேவிட்டது. யாராவது எடுக்க வந்தால் ஒரு வேண்டுகோள்: ஜீனோ என்ற ரோபோ நாயின் கிராஃபிக்ஸுக்குச் செலவழிக்கும் முன், அரசாங்க அனுமதி வந்ததற்காகச் சந்தோஷப்படும் நிலாவின் முகத்துக்கு நேரம் கொடுங்கள்.