ஷெட்டுக்குள் ஒரு 1969 கமாரோ

அமெரிக்காவில் பழைய மசில் கார் ஒன்றை வாங்கி, வீட்டு ஷெட்டிலேயே பிரித்துப் போட்டுப் புதுப்பிக்க நினைப்பவருக்கு 1969 செவ்ரலே கமாரோவைவிட வசதியான வண்டி அமைவது கடினம். அந்த ஒரு மாடலில் மட்டும் சுமார் 2.43 லட்சம் வண்டிகள் ஓஹையோவின் நார்வுட், கலிஃபோர்னியாவின் வேன் நைஸ் ஆலைகளிலிருந்து வெளிவந்தன. இன்றும் கதவுக் கைப்பிடி முதல் தரைத்தகடு வரை புதிதாகக் கிடைக்கிறது. டைனாகார்ன் என்ற நிறுவனம் முழு பாடியையே புதுத் தகட்டில் செய்து விற்கிறது. ஆக, தகட்டு வேலைக்கு இந்த வண்டிக்குத் தாராளமாக முழு மதிப்பெண் போடலாம். சிக்கல் எல்லாம் வர்ணத்தில்தான்.

அதற்கு முன் வண்டி அசலா என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் இருக்கும் எண் 124 என்று தொடங்கினால் அது வி8 எஞ்சினோடு பிறந்த வண்டி. 123 என்றால் ஆறு சிலிண்டர். அவ்வளவுதான் அந்த எண் சொல்லும். அது இசட்-28 வகையா, எஸ்எஸ் வகையா என்பதை அதில் தேடிப் பயனில்லை. இந்த இடைவெளியில்தான் போலிகள் நுழைகின்றன. 427 கன அங்குல அலுமினிய எஞ்சினோடு வந்த இசட்எல்-1 கமாரோக்கள் மொத்தமே 69தான் என்னும்போது, சாதா கூப்பேயை அப்படி மாற்றிக் காட்ட யாருக்குத்தான் ஆசை வராது? எஞ்சின் அறையின் பின்சுவரில் ஹீட்டர் பெட்டியைக் கழற்றினால் அதன் பின்னால் எண்ணின் ஒரு பகுதி குத்தப்பட்டிருக்கும். அதையும் டேஷ்போர்டு எண்ணையும் ஒப்பிட்டால் வண்டி ஒட்டுப் போட்டதா என்பதாவது தெரிந்துவிடும்.

அதே பின்சுவரில் ஆணியடித்த சிறு தகடு ஒன்று இருக்கும். வர்ணத்தின் ஜாதகம் அதில்தான். 72 72 என்றிருந்தால் மேலும் கீழும் ஹக்கர் ஆரஞ்சு. 71 என்றால் லெமான்ஸ் நீலம். கூப்பேயில் இரண்டாவது இடத்தில் எண்ணுக்குப் பதில் எழுத்து இருந்தால் அது வினைல் கூரையோடு வந்த வண்டி. அப்போது கொஞ்சம் உஷாராக வேண்டும். வினைலுக்கு அடியில் ஈரம் தங்கி, பின்கண்ணாடியின் ஓரத்துத் தகட்டை அரித்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கிருந்து இறங்கும் நீர் நேரே டிக்கித் தரைக்குப் போகும்.

மற்றத் துரு இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: பின்சக்கரத்துக்குப் பின்னால் கீழ்ப்பகுதி, முன் ஃபெண்டரின் அடிமூலை, முன்கண்ணாடிக்குக் கீழே இலைச்சருகு அடையும் காற்றுப்பெட்டி. இந்தக் கடைசி இடம் வெளியே தெரியாது. மிதியடிக்குக் கீழே தரைத்தகடு ஈரமாக இருந்தால் மேலே அது ஓட்டையாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி உரித்தல். அந்தக் காலத்து ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் அடித்தது அக்ரிலிக் லாக்கர். லாக்கர் தின்னரில் நனைத்த துணியை மறைவான ஓர் இடத்தில் தேய்த்தால் வர்ணம் கரைந்து துணியில் ஏறும். ஏறாவிட்டால் யாரோ பிற்பாடு வேறெதையோ அடித்திருக்கிறார்கள். பானெட், கூரை போன்ற அகலத் தகடுகளில் மணல் பீச்சும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. மணல் மோதி மோதி மேற்பரப்பு விரிந்து, தகடு நெளிந்துவிடும். அதைச் சரிசெய்வது துருவைவிடப் பெரிய தலைவலி. கெமிக்கல் ரிமூவரும் 80-ஆம் எண் உப்புத்தாளும் மெதுவாக வேலை செய்யும், ஆனால் பாதுகாப்பு. கூரையும் பின்பக்கத் தகடும் சேரும் மூட்டில் ஆலையிலேயே ஈயம் உருக்கி நிரப்பியிருப்பார்கள். அதைக் கிரைண்டரால் தேய்த்துத் தூளாக்கி மூச்சில் இழுக்கக் கூடாது. அக்காலத்து வர்ணத்திலும் ஈயம் உண்டு என்பதால் முகமூடி இல்லாமல் இந்தக் கட்டத்தில் ஷெட்டுக்குள் போகவே வேண்டாம்.

வெறும் தகட்டுக்கு முதலில் எபாக்ஸி பிரைமர். அதன்மேல் பட்டி, 3 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல். அதற்கு மேல் பட்டி தேவைப்படுகிறதென்றால் டிங்கரிங் முடியவில்லை என்று பொருள். பிறகு தடிப்பான பிரைமர், அதன்மேல் கறுப்புத் தூள் தூவி, நீண்ட மரக்கட்டையில் சுற்றிய தாளால் 180, 320, பிறகு 400 என்று தேய்க்க வேண்டும். பள்ளத்தில் கறுப்பு மிஞ்சும். மேடு முதலில் வெளுக்கும். விரலால் பிடித்துத் தேய்த்தால் விரல் தடம் விழும். சாயங்கால வெயிலில் அந்தக் கதவைப் பார்த்தால் அலை அலையாகத் தெரியும். மாதக்கணக்கில் நீளும் இந்த வேலைக்குத்தான் பெரும்பகுதிக் கூலியும் போகிறது. வீட்டில் செய்வதில் உண்மையான லாபம் இங்கேதான். ஸ்பிரே அடிப்பது ஒரு பிற்பகல் வேலை.

அந்தப் பிற்பகலில்தான் ஷெட்டின் போதாமை தெரியும். கமாரோவின் அகலம் 74 அங்குலம். 12 அடி அகல ஷெட்டில் நிறுத்தினால் இரு பக்கமும் மூன்றடிகூட மிஞ்சாது. ஸ்பிரே கன்னைத் தகட்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, முந்தைய வரியில் பாதிக்கு மேல் ஏறும்படி, நிற்காமல் நடந்தே அடிக்க வேண்டும். குறுகலான இடத்தில் ஹோஸ் தோளில் இருந்து வழுக்கி ஈரமான கதவைத் தொடும். குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று விடும் எச்விஎல்பி கன்தான் இங்கே பொருத்தம். புகை குறைவு, வர்ணம் வீணாவதும் குறைவு. ஆனால் அது நிமிடத்துக்கு 10 முதல் 14 கன அடி வரை காற்றைக் குடிக்கும். டயருக்குக் காற்றடிக்கும் சின்னக் கம்ப்ரசர் பானெட்டின் பாதியிலேயே மூச்சு வாங்கிவிடும், கன்னிலிருந்து விசிறிபோல் விரியும் ஸ்பிரே சுருங்கி வர்ணம் திட்டுத்திட்டாக விழும். குழாயில் தண்ணீர் பிரிக்கும் வடிகட்டி இல்லாவிட்டால் மீன்கண் போல் குழிகள் வேறு.

தூசிக்குத் தரையை நனைத்து, சுவருக்குப் பாலிதீன் கட்டிச் சமாளிக்கலாம். நெருப்புக்குச் சமாளிப்பு கிடையாது: அமெரிக்க வீடுகளில் பலருடைய ஷெட்டிலேயே எரிவாயு வாட்டர் ஹீட்டர் நிற்கிறது, அதன் பைலட் சுடரை அணைக்காமல் தின்னர் டப்பாவைத் திறக்கவே கூடாது. அதைவிடப் பெரிய விஷயம் ஹார்டனர். இன்றைய இரண்டு கலவை வர்ணங்களின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஒருமுறை உடம்புக்கு அதனால் ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா தாக்கும். வாசனையை வைத்து முகமூடியின் வடிகட்டி தீர்ந்ததா என்று கண்டுபிடிக்க முடியாது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் முகமூடியும் முழு உடையும் கையுறையும் இல்லாமல் அடிப்பதை எந்தச் சேமிப்பும் நியாயப்படுத்தாது. சொந்த வண்டிக்குப் பொழுதுபோக்காக அடிப்பவரை அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 2008 பெயின்ட் விதி விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். நுரையீரலுக்கு அப்படி விலக்கு எதுவும் இல்லை.

நிறத் தேர்விலும் ஷெட்டுக்கு ஒரு கருத்து உண்டு. லெமான்ஸ் நீலம் மெட்டாலிக். ஃபெண்டரைக் கிடையாக வைத்தும் கதவை நிமிர்த்தியும் தனித்தனியே அடித்தால் உள்ளிருக்கும் உலோகத் துகள் வேறு வேறு திசையில் படிந்து, வண்டியில் பூட்டும்போது இரண்டு நீலமாகத் தெரியும். ஹக்கர் ஆரஞ்சு சாதா நிறம். எப்படி வைத்து அடித்தாலும் ஆரஞ்சுதான். கிளியர் கோட் தேவைப்படாத சிங்கிள் ஸ்டேஜில் அதை அடித்தால் சொட்டு வழிந்த இடத்தை 1500, 2000 வாட்டர் பேப்பரில் தேய்த்து பாலிஷ் போட்டு மறைத்துவிடலாம். ஆலை வர்ணமும் அன்று கண்ணாடிபோல் இருக்கவில்லை, லேசான ஆரஞ்சுத்தோல் சொரசொரப்போடுதான் ஷோரூமுக்கு வந்தது.

ஆகவே இந்த வண்டிக்கான பரிந்துரை பாதிப் பாதி. உரித்தல், டிங்கரிங், பட்டி, பிரைமர் தேய்ப்பு, கதவு இடுக்கு, பானெட்டின் உள்பக்கம் ஆகியவை ஷெட்டில். வெளி வர்ணம் ஒரு நாளுக்கு வாடகைக்கு எடுத்த பூத்தில். ஷெட்டிலேயே முடிப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பவர் டிக்கி மூடியில் தொடங்கட்டும். கெட்டுப்போனால் கழற்றி மேஜையில் வைத்து மறுபடி தேய்க்க எளிதான தகடு அது.