அமெரிக்க அரசியலமைப்பில் சொல்லும் சொல்லாமையும்

ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தை ஆட்சியியலார் ஆராய்வர்; வழக்கறிஞரும் ஆராய்வர். அதுவும் சொற்களால் ஆயதொரு நூலேயாதலின், மூலமும் உரையும் பயின்றார்க்கும் அதன்கண் உரிமை உண்டு. 1787-ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் இயற்றப்பெற்று, 1789-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பை யாம் ஈண்டு அந்நோக்கிலேயே காண்கின்றோம். ஏழு பிரிவுகளும் 27 திருத்தங்களும் கொண்ட அம்மூலம் மிகச் சுருங்கியது. அதற்கு எழுந்த உரையோ பரந்து பட்டது.

அவ்வமைப்பைக் கற்பிப்போர் முதற்கண் கூறும் கலைச்சொற்கள் நான்கு: கூட்டாட்சி, அதிகாரப் பிரிவினை, தடையும் சமனும், நீதிமன்றப் புனராய்வு. இவற்றுள் ஒன்றேனும் மூலத்தில் இல்லை என்பது வியப்பிற்குரியது. எனினும் நான்கும் ஒரு தன்மையன அல்ல. நடுவண் அரசுக்கும் மாநிலங்கட்கும் இடையே அதிகாரம் பகுக்கப்பட்டுள்ளது. சட்டமியற்றல், ஆட்சி நடத்தல், நீதி வழங்கல் ஆகிய மூன்றும் முதல் மூன்று பிரிவுகளில் தனித்தனியே வைக்கப்பட்டுள்ளன. குடியரசுத் தலைவர் மறுத்த சட்டத்தை இரு அவைகளும் மூன்றில் இரு பங்கு வாக்கால் நிறைவேற்றலாம் என்ற விதியும் உண்டு. ஆகவே முதல் மூன்றிலும் பொருள் மூலத்தது; பெயரே உரையாளர் இட்டது. நான்காவதோ பொருளும் உய்த்துணரப்பட்டது. அரசியலமைப்பிற்கு மாறான சட்டம் செல்லாது என அறிவிக்கும் அதிகாரத்தை 1803-ஆம் ஆண்டு மார்பரி வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல், எழுதப்பட்ட மேலான சட்டம் என்னும் கருத்தினின்றும் நீதிபதியர் ஏற்கும் உறுதிமொழியினின்றும் வருவித்தார்.

ஒரு சொல் நீங்கியமையால் விளைந்த பயனும் நோக்கத்தக்கது. முந்தைய கூட்டமைப்பு உடன்படிக்கை, நடுவண் அவைக்கு வெளிப்படையாகத் தரப்படாத அதிகாரங்கள் யாவும் மாநிலங்கட்கே உரியன என்றது. 1791-இன் பத்தாம் திருத்தம் ஏறத்தாழ அதனையே கூறினும், 'வெளிப்படையாக' என்னும் அடையை விடுத்தது. அவ்விடுபாட்டை 1819-இல் மக்கல்லக் வழக்கில் மார்ஷல் எடுத்துக்காட்டி, குறிப்பாற் பெறப்படும் அதிகாரமும் நடுவண் அரசுக்கு உண்டு என்று நிறுவினார். இது போன்றே, சட்டமன்றத்தின் அதிகாரத்தை 'இந்நூலால் தரப்பட்டவை' என வரையறுக்கும் அடை, தலைவரின் அதிகாரத்திற்கு இல்லை. ஹாமில்டன் 1793-இல் இவ்வேறுபாட்டைச் சுட்டித் தலைவரின் அதிகாரத்தை விரித்துரைத்தார். ஆயின் 1952-இல் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைக்கொண்டபோது, தலைவரின் பொது அதிகாரத்தைச் சார்ந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றிலது.

இனிப் பிறிதொரு சொல்லாமை உண்டு. 1787-ஆம் ஆண்டு மூலம், மாநிலங்களின் பேராளர் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கால் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கொண்டது. ஆயினும் 'அடிமை' என்னும் சொல்லை யாண்டும் ஆளாது, 'ஏனையோர்' எனப் பொதுப்பெயரால் மறைத்தது. அடிமைமுறையை அந்நூல் முதன்முதற் பெயர் சுட்டிக் கூறியது, 1865-இன் பதின்மூன்றாம் திருத்தம் அதனை ஒழித்தபோதேயாம். முன்னையது இடம் விட்ட மௌனம். இஃது ஒளித்துவைத்த மௌனம்.

மூலத்தின் பழம்பொருளே கொள்ளத்தக்கது என்பாரும், காலத்திற்கேற்பப் பொருள் வளரும் என்பாரும் அந்நாட்டில் இன்றும் வாதிடுகின்றனர். இவ்விரு கட்சிக்கும் பொதுவாய் வைக்கத்தக்க உரைகல் ஒன்று உண்டென யாம் கருதுகின்றோம்: உரை எச்சொல்லின்மேல், அன்றி எச்சொல்லின் இன்மைமேல் நிற்கின்றது எனக் காட்ட இயலுமா? மார்ஷலின் 1819-ஆம் ஆண்டு உரைக்கு இது இயலும். 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தலைமை நீதிபதி டேனி, கறுப்பின மக்களின் வழிவந்தோர் அந்நூல் கருதிய குடிமக்கள் ஆகார் என்றார். குடியுரிமையை நிறத்தால் வரையறுக்கும் சொல் மூலத்தில் இல்லை. ஐந்து மாநிலங்களில் அவ்வினத்தார் முன்பே வாக்களித்து வந்தமையை நீதிபதி கர்டிஸ் தம் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துரைத்தார். டேனி செய்தது உரை அன்று, இடைச்செருகலே.

ஏட்டுச்சுவடியின் இடைச்செருகலால் பாட்டின் பொருள் கெடும். இதனால் மாந்தரின் உரிமை கெட்டது. அப்பிழையை நீக்க ஓர் உள்நாட்டுப் போரும், பிறந்தோர்க்குக் குடியுரிமை வழங்கிய 1868-இன் பதினான்காம் திருத்தமும் வேண்டியிருந்தன. உரையாற் புகுந்த பிழை, மூலத்திற் புதுச்சொல் எழுதியே களையப்பட்டது. சொல்லாததைச் சொல்லியதாகக் கூறும் உரையாசிரியன் ஏற்கும் பொறுப்பு எத்துணைப் பெரிது என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டா.