பின்னேரம் மணந்து பாருங்கள்

பழ வாசனை சென்டை மூடியைத் திறந்த கையோடு மணந்து பார்த்து வாங்காதீர்கள். வாசல் பந்தலைப் பார்த்துவிட்டுக் கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற மாதிரி ஆகிவிடும்.

குவைத்திலிருந்து வந்த பெரியம்மா, கதிரவெளி வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது சேலைகளுக்கு நடுவே இளஞ்சிவப்பில் ஒரு போத்தல் இருந்தது. புறங்கையில் ஒரு தரம் அடித்து மூக்கருகே கொண்டுபோனேன். கூல் பாரில் புரூட் சலட் கோப்பைமேல் குனிந்த மாதிரி ஒரே தித்திப்பு. முகம் சுளித்தேன். "இப்ப மணக்காத மனே, பின்னேரம் மணந்து பார்" என்றார்.

பின்னேரம் கடற்கரையால் திரும்பி வந்து கையை முகர்ந்தபோது பழத்தைக் காணவில்லை. வெயிலில் காய்ந்த பருத்திச் சேலையின் மடிப்பு, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட பிள்ளையின் கழுத்து, இரண்டும் கலந்த மாதிரி ஒரு மென்மை. அதுதான் கஸ்தூரி. காலையில் வந்தது அதன் முன்னோட்டம்.

காரணம் பாரம். வாழைப்பழ வாசம் தரும் ஐசோஅமைல் அசற்றேற்றின் மூலக்கூற்று எடை 130. கஸ்தூரியின் உயிரான மஸ்கோனுக்கு 238. இலேசானது முதலில் பறக்கிறது, பாரமானது தோலிலேயே தங்கி மெல்ல மெல்ல எழும்புகிறது.

ஒரு காலத்தில் கஸ்தூரிக்கு முக்கிய வழி மான்தான். இமயமலைப் பக்கத்து ஆண் கஸ்தூரி மானின் வயிற்றடியில் ஒரு சிறு பை. அதற்காக எத்தனை மான்களைக் கொன்றார்கள் என்று நினைத்தால் மனம் கசக்கிறது. 1888இல் வெடிமருந்து ஆய்வில் இருந்த ஆல்பர்ட் பவர், தற்செயலாகக் கஸ்தூரி மணக்கும் செயற்கைப் பொருளொன்றைக் கண்டார். மஸ்கோன் 15 கார்பன்கள் கைகோத்த வளையம் என்று 1926இல் காட்டினார் வேதியியலாளர் ருசிக்கா. பெரிய வளையங்களைப் பற்றிய ஆய்வு 1939இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததற்கு ஒரு காரணம். இன்றைய போத்தல்களில் இருப்பது பெரும்பாலும் தொழிற்சாலைக் கஸ்தூரி. அதே வகைகள் சலவைத் தூளிலும் சேர்வதால்தான் நமக்குத் துவைத்த துணி ஞாபகம் வருகிறது.

பழத்தையும் கஸ்தூரியையும் சேர்ந்தே தருகிற செடியும் உண்டு: கஸ்தூரி வெண்டை. சிறுநீரக வடிவில், கோடு கோடாக, கபில நிறத்தில் இருக்கும் அதன் விதையை விரல்களுக்கிடையே நசுக்கித் தேய்த்துப் பாருங்கள். பேரிக்காய்ச் சாறுபோல ஒன்று முன்னால் வரும், பின்னாலேயே தோலின் கதகதப்பு வரும். இந்த வாசனையை ஒருமுறை மனதில் பிடித்துக்கொண்டால் எந்தச் சென்டிலும் கஸ்தூரி எங்கே தொடங்குகிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

இனிப் பூசும் விதம். குளித்து ஈரம் முழுதாய் உலருமுன், மணிக்கட்டில் ஒரு துளி தேங்காய் எண்ணெய், அதன்மேல் ஒரே ஒரு தரம் சென்ட். எண்ணெய் வாசனையைப் பிடித்து வைக்கும். தேங்காய் மணத்துக்கும் சென்டில் வரும் பீச் மணத்துக்கும் காரணம் லக்டோன் என்ற ஒரே குடும்பம். ஆகவே ஒன்றையொன்று கெடுக்காது. மணிக்கட்டுகளைத் தேய்க்காதீர்கள், சூட்டில் பழம் சீக்கிரம் ஓடிவிடும். மதுசாரம் சேராத அத்தராக இருந்தால் தொட்டு வைத்தாலே போதும். அதில் பழம் பாய்ந்து வராது, நடந்துதான் வரும். எனக்கு அதுவே பிடிக்கும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கழுத்தில் அடிக்க வேண்டாம். அந்த வெக்கையில் தித்திப்பு திரண்டு, பக்கத்தில் பஸ்ஸில் இருப்பவருக்குத் தலையிடி தரும். சட்டையின் உட்பக்கம் ஒரு தரம் போதும். கதிரவெளியில் இந்த வாசனைக்கு உகந்த காலம் மாரிதான். மழை விட்ட பொழுதில், ஈரக்காற்றில், பழமும் கஸ்தூரியும் நெடுநேரம் சேர்ந்தே நிற்கும்.

ஒரு எச்சரிக்கை: அரைமணி நேரத்தில் "மணம் போய்விட்டது" என்று மறுபடி அடிக்காதீர்கள். பழகிப்போவது உங்கள் மூக்கு. சில கஸ்தூரி வகைகள் சிலருடைய மூக்குக்குப் பிறவியிலிருந்தே எட்டுவதில்லை. வீட்டில் ஒருவரைக் கேளுங்கள். மூக்கை ஒட்டி வைத்தும் பார்க்காதீர்கள். கையை ஒரு முழம் தள்ளி வைத்து, காற்று தானாகக் கொண்டுவரட்டும்.

பெரியம்மா திரும்பிப் போய் இரண்டு கிழமைக்குப் பிறகு அலுமாரியைத் திறந்தேன். அவருடைய நீலச் சேலையில் பழத்தின் சுவடே இல்லை. கதவு திறந்த காற்றில் கஸ்தூரி மட்டும் எழுந்து வந்தது.