ஜப்பானிய வாக்கியமும் எழுவாய் வழக்கும்

ஜப்பானிய மொழியைப் புதிதாகப் பயிலத் தொடங்கும் தமிழர் முதற் சில பாடங்களிலேயே ஒருவித உற்சாகம் கொள்வது இயல்பு. பயனிலை ஈற்றில் நிற்கிறது. வேற்றுமைப் பொருளை உணர்த்தும் இடைச்சொற்கள் பெயருக்குப் பின்னே வந்து ஒட்டுகின்றன. பெயரை விசேஷிக்கும் எச்சத்தொடர் எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னரே முடிந்துவிடுகிறது. வினையெச்சத்தின் பின்னே துணைவினை சேரும் முறைதான் எல்லாவற்றினும் வியப்பளிப்பது. ‘யொந்தெ’ என்றால் ‘படித்து’. அதனோடு காண்டலைக் குறிக்கும் ‘மிரு’ சேர்ந்தால் படித்துப் பார்த்தலாகவும், வைத்தலைக் குறிக்கும் ‘ஒகு’ சேர்ந்தால் படித்து வைத்தலாகவும், நம் வாயில் அன்றாடம் புழங்கும் அதே கருத்துச் சாயலுடன் பொருள் விளைகிறது. ஆங்கில வழியாக இதனைக் கற்பவர் ஒரு பக்க விளக்கத்தைப் படித்துத் தெளிய வேண்டியதை, நாம் ஒரு நொடியில் கடந்துவிடுகிறோம்.

ஆயினும் இந்த ஒற்றுமை நம்மைத் திண்ணை வரையில்தான் அழைத்துச் செல்கிறது. உள்ளே நுழையுமிடத்தில் ‘வ’ என்றும், ‘தங்கம்’ என்பதிலுள்ள ககரத்தைப் போல ஒலிக்கும் ‘க’ என்றும் இரண்டு இடைச்சொற்கள் காத்திருக்கின்றன. உணவு விடுதியில் யாருக்கு என்ன வேண்டுமென்று பரிசாரகர் கேட்கும்போது, ஜப்பானியர் ஒருவர் ‘பொகு வ உனகி த’ என்பார். பதத்துக்குப் பதம் பொருள் கொண்டால், ‘நான் விலாங்கு மீன்’ என்று ஆகும். கேட்பவர் எவரும் நகைப்பதில்லை. ‘எனக்குத் தோசை’ என்று நாம் நான்காம் வேற்றுமையை நாடிப் பிழைத்துக்கொள்ளும் இடத்தில், ஜப்பானியர் வேற்றுமை எதனையும் சுட்டாமல், ‘என் விஷயம் இது’ என்று முன்னே நிறுத்திவிட்டு மேலே செல்கிறார். இந்த ஒரே வாக்கிய வகையை ஆராய்வதற்கென்று கெயிச்சிரோ ஒகுத்ஸு 1978இல் தனி நூலே எழுதினார்.

இந்த ‘வ’வை இலக்கண நூலார் எவ்வெவ்வாறு கையாண்டனர் என்பதே ஜப்பானிய வாக்கிய இலக்கணத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதி என்று சொல்லிவிடலாம். 1604 முதல் 1608 வரையில் நாகசாகியில் அச்சிடப்பெற்ற ஜொவாங் ரொட்ரீகஸ் பாதிரியாரின் இலக்கணம், லத்தீன் வியாகரணத்தின் வேற்றுமை வாய்பாடுகளுக்குள் அம்மொழியை அடக்க முயன்றது. அவருக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்னரே அதே இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் முத்துக்குளித்துறையில் தமிழுக்கும் அத்தகைய உபகாரம் செய்திருந்தார் என்பது நம்மவர் நினைவுகூரத் தக்கது.

சுதேச பண்டிதர்களின் போக்கு வேறு. 1778இல் வெளிவந்த தம் கிரந்தத்தில் நரியகிர புஜிதானி, சொற்களைப் பெயரென்றும், ஆடையென்றும், தலையணியென்றும், காற்கட்டென்றும் ஓர் உடலின் அலங்காரமாக வகுத்து, இடைச்சொற்களைக் காற்கட்டின்பால் வைத்தார். அவர் காலத்தவரான நொரினாக மொதோஓரி, முன்னே வரும் இடைச்சொல் எதுவோ அதற்கேற்ப ஈற்று வினை வடிவு மாறும் பழைய மொழி நியதியைப் பாட்டுப் பாட்டாக ஆராய்ந்து நிலைநாட்டினார். மேனாட்டார் கூறும் எழுவாய் என்ற ஒன்றை இவ்விருவரும் தேடவில்லை. தேட வேண்டிய தேவையும் அவர்களுக்கு இருக்கவில்லை.

அது மெய்ஜி காலத்தில் வந்தது. புமிஹிகொ ஓத்ஸுகி 1897இல் வெளியிட்ட இலக்கணம், சுதேச மரபையும் மேனாட்டு முறையையும் இணைத்துப் பள்ளிகளுக்கு ஒரு சட்டகம் அளித்தது. 1908இல் யொஷியொ யமத, ‘வ’ வேற்றுமை உருபு அன்று, வாக்கியத்தின் முடிபோடு உறவு கொள்ளும் வேறொரு வகை இடைச்சொல் என்று பிரித்துக் காட்டினார். ஷின்கிச்சி ஹஷிமொதொவின் முறையோ பள்ளிப் புத்தகங்களில் நிலைபெற்றுவிட்டது. சொல்லும்போது இயல்பாகத் துண்டுபடும் இடங்களைக் கொண்டு வாக்கியத்தைப் பிரிக்கும் அம்முறை மாணவருக்கு எளிதே, ஆனால் பொருளைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை.

எழுவாயையே துறந்துவிட வேண்டுமென்று வாதாடியவர் அகிர மிகாமி (1903–1971). கட்டடக் கலை பயின்று, பள்ளிகளில் கணிதம் கற்பித்துவந்த இவரைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. 1960இல் வெளிவந்த இவருடைய நூலின் தலைப்பே ஒரு வாக்கியம்: ‘ஜோ வ ஹன க நகை’, அதாவது யானைக்கு மூக்கு நீளம். நீளமானது மூக்கு, அப்படியானால் யானை என்ன? இரண்டு எழுவாய்கள் என்று சிலர் சொல்லிவந்தார்கள். மிகாமியோ, ‘யானையின் மூக்கு நீளம்’ என்ற செய்தியிலிருந்து யானையை விஷயமாக எடுத்து முன்னிறுத்துகையில், அதன் ஆறாம் வேற்றுமை ‘வ’வுக்குள் மறைந்து கிடக்கிறது என்றார். இவ்வாறே வேறு வேற்றுமைகளும் மறைவதுண்டு. அன்றியும், ஒருமுறை நிறுத்தப்பெற்ற விஷயம் முற்றுப்புள்ளியைக் கடந்து அடுத்த வாக்கியங்களையும் ஆள்வதுண்டு. ‘க’ ஏற்கும் பெயரும் அவருக்கு மற்ற வேற்றுமைகளோடு ஒரு வேற்றுமையே; வினைக்கு அதனோடு எண்ணிலும் இடத்திலும் இயைபு இல்லாதபோது தனிச் சிம்மாசனம் எதற்கு? வந்தேன், வந்தாள், வந்தார்கள் என்று வினையிலேயே எழுவாயைத் தாங்கும் தமிழுக்கு இவ்வாதம் பொருந்தாது. ஜப்பானியத்துக்கு இது மிகவும் பொருந்துகிறது என்பதே என் அபிப்பிராயம்.

சுசுமு குனொ 1973இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இவ்விவாதத்தை உலகறியச் செய்தது. கதையில் முதன்முதல் தோன்றும் கிழவர் ‘க’ ஏற்றும், அறிமுகமான பின் ‘வ’ ஏற்றும் வருவார் என்ற எளிய விதி, புதுச் செய்தி, தெரிந்த செய்தி என்ற அவ்வாராய்ச்சியினின்று பிறந்து பாடநூல்களில் புகுந்தது. மற்றொரு சுசுமுவான ஓனோ (1919–2008), தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ் தம்பதியரின் துணையோடு பெரிதும் உழைத்தார். ஒப்பியல் அறிஞருட் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. சொல்முறை ஒற்றுமை கொரியத்துக்கும் துருக்கியத்துக்கும் உண்டாகையால், அதனை மட்டும் கொண்டு உறவு பேசுவதற்கில்லை.

கற்பவருக்கு ஒற்றுமையைக் காட்டிலும் ஒவ்வாமையே கூர்ந்து நோக்கத் தக்கது. தோக்கியோவில் இருத்தலுக்கு ‘நி’. அங்கே வேலை செய்தலுக்கு ‘தெ’. நம் ‘இல்’ இரண்டையும் ஒன்றாக்கித் தவறு செய்விக்கும். பண்புச் சொற்களே காலம் காட்டுகின்றன. விலை உயர்ந்திருக்கிறது என்பது ‘தகை’, உயர்ந்திருந்தது என்பது ‘தககத்த’. உளதாதலைச் சொல்ல ‘இரு’, ‘அரு’ என இரண்டு வினைகள் உள்ளன. உயர்திணை, அஃறிணை என்று எண்ணி நாம் நாய்க்கு ‘அரு’ கொடுத்துவிடுவோம். அம்மொழியின் பகுப்பு அறிவைப் பற்றியதன்று. தானே அசையும் உயிருக்கு ‘இரு’, மரத்துக்கும் கல்லுக்கும் ‘அரு’. ஓட்டுநர் அமர்ந்திருக்க நிலையத்தில் நிற்கும் வாடகைக் காருக்கோ ‘இரு’ சொல்வதும் உண்டு.