உள்ளே எட்டிப் பார்க்காத கம்பெனி

ஒரு மாதத்துக்கு மேலாக என் மேசையில் பாதியை ஒரு டி-34-85 பிடித்துவைத்திருக்கிறது. 1/16 அளவு. பீரங்கிக் குழலோடு சேர்த்தால் அரை மீட்டர் நீளம். இந்த டாங்கியின் ஜாதகத்தை இங்கே வாசிக்கப்போவதில்லை. 85 மி.மீ. பீரங்கி, 500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், ஐந்து பேர் குழு, 1944-இல் போர்முனை: இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இவ்வளவு பெரிய பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவரத் துணிவார்கள். பெட்டி மேல் 'முழு உள்ளமைப்புடன்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கூடுதல் காசு அதற்குத்தான். எனக்குச் சண்டையும் அதனோடுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெளிப்புறத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. டரெட்டில் வார்ப்பு எஃகின் சொரசொரப்பு, தகடுகள் சேரும் இடங்களில் வெல்டிங் வரி, எல்லாம் அளவோடு இருக்கின்றன. ட்ராக்கில் ஒரு பக்கத்துக்கு 72 கண்ணிகள். ஒன்று பல்லோடு, ஒன்று பல் இல்லாமல் என்று மாறி மாறி வரும். கோக்க அலுப்பாக இருக்கும், ஆனால் கோத்து முடித்தால் நிஜமாகவே உருளும். பன்னிரண்டு சிலிண்டர் வி-2 எஞ்சினைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று தோன்றுகிற அளவுக்குச் செய்திருக்கிறார்கள்.

பிறகு ஹல் என்கிற உடற்பகுதியைத் திருப்பி உள்ளே பார்த்தேன். பக்கச் சுவர்களில் வரிசை வரிசையாக வட்டத் தழும்புகள், ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவுக்கு. சில குழிந்தவை, சில புடைத்தவை. ஓட்டுநர் தோளுக்குப் பக்கத்தில் ஒன்று. டீசல் டாங்க் ஒட்டவேண்டிய இடத்துக்குச் சரியாக அரை விரல்கடை மேலே ஒன்று. டாங்கை இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருந்தால் மறைந்திருக்கும். மறையவில்லை.

இந்தத் தழும்பு எப்படி வருகிறது என்பது மாடல்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துகிறார்கள். ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்கி, அச்சின் உட்பாதியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அச்சைத் திறந்ததும் அந்தப் பாதியிலிருந்து எஃகு ஊசிகள் தள்ளினால்தான் பாகம் விடுபடும். ஊசி தொட்ட இடத்தில் வட்டம் விழும். ஆக, தழும்பு உட்பக்கம் விழுவது சோம்பேறித்தனத்தால் அல்ல. பிளாஸ்டிக்கின் குணம் அது. ஊசி எங்கே தள்ள வேண்டும் என்பதை மட்டும் மனிதர்கள் முடிவு செய்கிறார்கள். அதனால்தான் கம்பெனியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். இந்தக் குறை ஒரே ஒரு கம்பெனியின் சொத்தல்ல.

மாடல் டாங்கியின் வயிற்றுக்குள் யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற எண்ணம் இந்தத் தொழிலில் பிறவியிலேயே வந்தது. 1961-இல் தமியா தன் மோட்டார் வைத்த பேந்தர் டாங்கியை வெளியிட்டது. உள்ளே பேட்டரிகள் உட்கார எவ்வளவு இடம் வேண்டும் என்று பார்த்து உடலின் பருமனை முடிவு செய்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது 1/35 என்று வந்தது. இன்று உலகம் முழுக்க டாங்கி மாடல்களுக்கு அதுவே பொது அளவு. ஒரு பேட்டரி ஜோடி போட்ட பாதையில்தான் நாம் எல்லோரும் நடக்கிறோம். உட்பக்கம் என்றால் பேட்டரி, வயர், மோட்டார். அங்கே தழும்பு இருந்தால் யாருக்கு நஷ்டம்? ஆனால் உட்பக்கத்தையே சரக்காக விற்க ஆரம்பித்த பிறகும் அதே பழக்கத்தோடு அச்சு வெட்டினால் எப்படி?

தீர்வே இல்லாத விஷயமும் அல்ல. உட்சுவருக்குத் தனித் தகடு கொடுக்கலாம். தழும்பு இரண்டு தகடுகளுக்கும் நடுவே புதைந்துபோகும். பாகத்துக்கு வெளியே சின்ன நீட்சி ஒன்றை வைத்து ஊசியை அங்கே தள்ளவிடலாம். வெட்டி எறிந்தால் தீர்ந்தது. பெட்டியோ மூட்டோ வந்து உட்காரும் இடமாகப் பார்த்து ஊசியை நிறுத்தலாம். மூன்றும் இந்தக் கம்பெனிக்குத் தெரியும். எப்படிச் சொல்கிறேன் என்றால், டரெட்டில் மூன்றையும் செய்திருக்கிறார்கள்! டரெட்டுக்கு உள்தோல், வெளித்தோல் என்று இரண்டு ஓடுகள். உள்தோலில் ஒரு வட்டம்கூடக் கண்ணில் படவில்லை. என் ஊகம் இது: டரெட் புதிதாக வெட்டிய அச்சு, ஹல், உள்ளமைப்பே இல்லாமல் முன்பு விற்ற கிட்டிலிருந்து வந்த பழைய அச்சு. புது மாடியைக் கட்டிவிட்டு, பழைய தரைத்தளத்தோடு சேர்த்து முழு வீட்டுக்கும் விலை சொல்கிறார்கள்.

கோபம் கூடுவதற்கு இன்னொரு காரணம், இந்த அளவில் கிடைக்கிற ஓர் அரிய அதிர்ஷ்டம். நிஜ டி-34-இன் ஹல் கவசம் 45 மி.மீ. 1/35-இல் அது 1.3 மி.மீ.கூட வராது, பிளாஸ்டிக் அதைவிடத் தடிமனாக இருந்து மூடிகளின் விளிம்பில் பொய் சொல்லும். 1/16-இல் 2.8 மி.மீ. கிட்டத்தட்ட அதே தடிமனில்தான் இந்த ஹல் தகடும் வார்க்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் மூடியைத் திறந்தால் தெரிகிற கவச விளிம்பு அப்படியே உண்மை. டரெட் முகப்பின் 90 மி.மீ. கவசம் 5.6 மி.மீ. ஆகிறது. அவ்வளவு தடிப்பைக் கட்டியாக வார்த்தால் ஆறும்போது மேற்பரப்பு குழிவிழும். அதனால்தான் அங்கே இரட்டை ஓடு. உள்ளிருந்து பார்க்கும்போது கவசம் கவசமாகத் தெரிகிற முதல் அளவு இது. அந்தச் சுவரில் போய் வட்டம் குத்தியிருக்கிறார்களே!

சரிசெய்வது எப்படி? புடைத்ததை உளி பிளேடால் சீவலாம். குழிந்ததுக்குச் சாதாரண புட்டி வேண்டாம். காய்ந்தபின் சுருங்கி, வட்டம் ஆவியாகத் திரும்பி வரும். ஃபெவிக்விக்கில் முகப்பவுடரைக் குழைத்து அடைப்பதுதான் நான் பரிந்துரைப்பது. ஒரு மணி நேரத்துக்குள் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். விட்டால் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். சமவெளியில் இருக்கும் வட்டங்களுக்கு இது போதும். ஆனால் கிறிஸ்டி சஸ்பென்ஷனின் சுருள்வில் கூண்டுகள் சுவரோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கின்றன. கூண்டுக்கும் கூண்டுக்கும் நடுவே உள்ள வட்டத்துக்கு விரல் போகாது, தேய்க்கும் குச்சியும் பாதிதான் போகும். அங்கே மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டில் வட்டம் தட்டி எடுத்து, பச்சை மூடித் தமியா பசையால் ஒட்டிவிட்டேன். மெலிந்த அந்தப் பசை தானே விளிம்பைத் தேடிப் போய் உருக்கி மூடுகிறது. இந்த ஒரு பசைக்காகவே அந்தக் கம்பெனிக்கு என் விசுவாசம் ஆயுள் முழுக்க உண்டு.

"எப்படியும் டி-34 கரடுமுரடான வண்டிதானே, விட்டுவிடலாமே" என்று சில நண்பர்கள் சொன்னார்கள். கரடுமுரடுதான். 1942-இல் அமெரிக்கர்கள் ஒரு டி-34-ஐ அபர்டீன் சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்த்து, சாய்ந்த கவசத்தையும் டீசல் எஞ்சினையும் மெச்சினார்கள். பாகங்களைக் கடைந்த வேலைப்பாடு மோசம் என்றும் சொன்னார்கள். போர்க்காலத் தொழிற்சாலைகளில் அவசரமாக இழுத்த வெல்டிங், சீவாத விளிம்பு, இவை டி-34-இன் அடையாளம். ஆனால் அந்தக் கரடுமுரடுக்கு ஒழுங்கு கிடையாது. காம்பஸ் வைத்து வரைந்த வட்டம், சம இடைவெளியில், ஐந்தாறு முறை? எந்த ரஷ்யத் தொழிலாளியும் அதைச் செய்யவில்லை. ஆகவே தேய்த்த சுவரைக் கண்ணாடியாக மழமழப்பாக்கவும் தேவையில்லை. நீர்த்த புட்டியைப் பழைய பிரஷால் தட்டிக் கொஞ்சம் சொரசொரப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

எல்லா வட்டத்தையும் துரத்தவும் வேண்டாம். ஒட்டாமல் எல்லாவற்றையும் பொருத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒவ்வொரு மூடி வழியாகவும் மொபைல் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ஓட்டுநர் மூடி வழியே தெரிவது இருக்கை, நெம்புகோல்கள், தரை. எஞ்சினைக் காற்றழுத்தத்தால் கிளப்ப வைத்திருக்கும் இரண்டு சிலிண்டர்களும் மூக்குப் பகுதியில் தெரியும். கமாண்டர் மூடி வழியே பீரங்கியின் பின்பகுதியும் அதைத் தாண்டி ஒரு துண்டுத் தரையும். பக்கச் சுவர் பெரும்பாலும் இருட்டில் இருக்கிறது. மூடியே வைப்பதாக இருந்தால் பாதி வட்டங்களை மன்னித்துவிடலாம்.

ஆனால் அப்படி மன்னித்தால் இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய உட்புறத்தில் பாதியும் அதே இருட்டுக்குத்தான் போகும். எனவே நான் ரம்பத்தை எடுத்தேன். இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்தில் ஒரு நிஜ செஞ்சூரியனை நெடுக அறுத்து வைத்திருக்கிறார்கள், அதே வழி. வலப்பக்கச் சாய்தகட்டில் ஒரு பெரிய ஜன்னல், டரெட்டின் வலப்பக்கத்தில் இன்னொன்று. வலப்பக்கம் ஏன்? குண்டு நிரப்புபவர் நிற்கும் பக்கம் அது. தழும்புகளில் நல்ல பங்கு வெட்டிய தகட்டோடு குப்பைக்குப் போனது கூடுதல் லாபம். வெட்டு விளிம்புக்குச் சிவப்பு பூசினால் கவசத்தின் தடிமன் உடனே கண்ணில் அறைகிறது.

இப்போதுதான் இந்த டாங்கி எனக்குப் புரிந்தது. சுருள்வில்கள் வெளியே தெரியாமல் ஹல்லுக்குள் நிற்பதால் அகலத்தில் ஒரு பங்கை அவை தின்றுவிடுகின்றன. கூண்டுகளுக்கு இடையே மிஞ்சிய இடத்தில் டீசல் டாங்குகளைச் செருகியிருக்கிறார்கள். வீரனின் முழங்கைக்குப் பக்கத்தில் எரிபொருள். டரெட்டோடு சேர்ந்து சுற்றும் தரையும் கிடையாது. கமாண்டரும் கன்னரும் டரெட்டில் தொங்கும் இருக்கைகளில் சுற்றுவார்கள். நிரப்புபவருக்குக் காலடியில் இருப்பது குண்டுப் பெட்டிகளின் மூடி, அதன் மேல் ரப்பர் விரிப்பு. டரெட்டிலும் சுவரிலும் கைக்கெட்டும் சில குண்டுகள் தீர்ந்ததும், தான் நிற்கும் தரையையே பெயர்த்து அடுத்ததை எடுக்க வேண்டும், டரெட் திரும்பிக்கொண்டிருக்கும்போதே. எத்தனையோ புத்தகங்களில் படித்திருக்கிறேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக அடுக்கி மூடி போடும்போதுதான் அது எவ்வளவு கொடுமையான வேலை என்று உறைத்தது.

கம்பெனி தராதது: வயர், குழாய், விரிப்பு. உள்ளே ஒரு வயர்கூட இல்லை. பழைய சார்ஜரின் செம்புக் கம்பியும் கனத்துக்குக் கனம் மாறும் ஈயக் கம்பியும் அந்தக் குறையைத் தீர்த்தன. மெலிந்த சைக்கிள் ட்யூப் துண்டு அருமையான விரிப்பு. உட்சுவருக்குத் தூய வெள்ளை அடிக்கச் சொல்கிறது வழிகாட்டித் தாள். துளி மஞ்சளும் சாம்பலும் கலக்காவிட்டால் பொம்மைபோலத் தெரியும். மேல் ஹல்லை ஒட்டும் கட்டம் பெயின்ட் அடிப்பதற்கு முன்பே வருகிறது. அந்த வரிசையை நம்பவே நம்பாதீர்கள்.

தீர்ப்பு? மூடியபடி அலமாரியில் வைக்கப்போகிறவர்களுக்கு இது வேண்டாம். உள்ளமைப்பு இல்லாத பதிப்பு பாதி வேலையில் அதே அழகைத் தரும். ரம்பம் எடுக்கத் தயாராக இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். குறைகளையும் மீறி, டி-34-ஐ இதைவிடத் தெளிவாக எனக்கு எந்த நூலும் விளக்கியதில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். பெட்டி ஓவியத்தில் மயங்காமல், ஹல்லின் உட்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் இறக்குமதியாளரிடம் கேட்பார். அங்கிருந்து அது அச்சு வெட்டுகிறவர் காதுவரை போனால், அடுத்த கிட்டில் ஊசி இடம் மாறும்.