அறுந்த நரம்பும் தட்டிய கதவும்
நாடக மேடையின் ஒலிகள் குறித்துச் சில சிந்தனைகள்

மேனாட்டு மொழிகளில் நாடகம் நிகழும் இடத்துக்குத் 'தியேட்டர்' என்று பெயர். 'காணும் இடம்' என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அங்கே வந்து அமர்வோருக்கோ 'ஆடியன்ஸ்' என்று பெயர். கேட்டல் என்னும் பொருள் தரும் இலத்தீன் வேரினின்று அது பிறந்தது. ஆக, இடம் கண்ணுக்கு உரியது. வந்தமர்ந்தோர் செவிக்கு உரியவர். சொல்லின் வரலாறு இவ்வாறிருக்க, நாடகத்தைத் திறனாய்வோர் செவியை மறந்துவிடுவதே வழக்கமாக உள்ளது. நடிப்பைப் பற்றி நான்கு பத்தி, வசனத்தைப் பற்றி இரண்டு பத்தி, உடை, ஒப்பனை, காட்சி அமைப்பு பற்றி ஒரு பத்தி எழுதுவர். ஒலியைப் பற்றி எழுத நேரின், 'பின்னணி ஒலி பொருத்தமாக இருந்தது' என்னும் ஒற்றை வரியோடு கடமை முடிந்தது எனக் கருதுவர்.

இது முறையன்று என்பது நமது கருத்து. சில நாடகங்களில் ஒலி வெறும் பக்கத்துணை. வேறு சிலவற்றில் அதுவே பொருள். பின்னதற்கு ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்'தும், ருஷ்ய ஆசிரியர் செகாவின் 'செர்ரித் தோட்ட'மும் தக்க சான்றுகள். அவ்விரண்டையும் ஆராய்ந்து, அவற்றின் ஒலிகள் மேடையில் பிழையின்றி ஒலிக்க என்ன வேண்டும் என்பதையும், அதில் நாம் செய்த பிழை ஒன்றையும் கூற எண்ணுகிறோம்.

முதலில் ஒரு எச்சரிக்கை. மேடை ஒலி மயக்கம் தரும் பொருள். இடி, மழை, காற்று, குதிரைக் குளம்பு ஆகியவற்றைப் போலி செய்யும் கலை மேனாட்டில் பழமையானது. மெல்லிய இரும்புத் தகட்டைத் தொங்கவிட்டு அசைத்து இடியை உண்டாக்கினர். சட்டங்கள் பொருத்திய உருளையை விரிந்த துணிமீது சுழற்றிக் காற்றை வரவழைத்தனர். 1766-இல் திறக்கப்பெற்ற பிரிஸ்டல் நகர அரங்கில், மரத் தொட்டிகளின் வழியே இரும்புக் குண்டுகளை உருட்டி இடி எழுப்பும் பழைய அமைப்பு இன்றும் உண்டு. இத்தகைய ஒலியின் மீது கொண்ட ஆசை சில வேளைகளில் அழிவையும் தந்தது. 1613 ஜூன் 29 அன்று இலண்டன் குளோப் அரங்கில் எட்டாம் ஹென்றியைப் பற்றிய நாடகம் நடந்தது. மன்னன் வருகையை அறிவிக்கப் பீரங்கி வெடித்தார்கள். கூரையின் வைக்கோலில் பொறி பற்றியது; அரங்கு முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. உயிர்ச்சேதம் இல்லை. ஒருவருடைய காற்சட்டை தீப்பிடிக்க, கையிலிருந்த பானத்தை ஊற்றி அதை அணைத்தார் என்று அக்காலக் கடிதம் ஒன்று கூறுகிறது. ஒலியை அடக்கி ஆளாதவனை ஒலி ஆளும் என்பதற்கு இதனினும் வெளிப்படையான சான்று வேண்டுவதில்லை.

இனி 'மாக்பெத்'துக்கு வருவோம். தன் வீட்டில் விருந்தினனாகத் தங்கிய மன்னன் டங்கனை மாக்பெத் கொல்லும் இரவு அது. பணியாளை அழைத்து, தனக்குரிய பானம் ஆயத்தமானதும் மணி அடிக்குமாறு தலைவியிடம் சொல்லச் சொல்கிறான். சிறிது நேரத்தில் மணி ஒலிக்கிறது. அவன் எழுந்து கொலைக்குச் செல்கிறான். வீட்டில் உள்ளோர் செவிக்கு அது பானத்துக்கான மணி. கணவன் மனைவி இருவருக்கு மட்டுமே அதன் உட்பொருள் தெரியும். நாடகக்காரர் 'கியூ' என வழங்கும் சைகை இதுவே. ஒருவர் காத்திருக்க, மற்றொருவர் சைகை தர, செயல் நிகழ்கிறது. கொலைக்கே ஒரு கியூ வைத்தார் ஆசிரியர். அதைத் தரும் பொறுப்பைத் திரைமறைவில் நிற்கும் பெண்ணிடம் ஒப்படைத்தார். மேடையில் ஒலி எவ்வாறு இயங்குகிறது என்பதை உள்ளும் புறமும் அறிந்த ஒருவரே இவ்வாறு எழுதியிருக்க இயலும்.

கொலை முடிந்து திரும்பியவன், ஏதேனும் சத்தம் கேட்டதா என மனைவியை வினவுகிறான். ஆந்தையின் அலறலும் சிள்வண்டின் குரலும் கேட்டதாக அவள் சொல்கிறாள். இவ்விடத்தில் பதிவு செய்த சிள்வண்டு ஒலியை ஓடவிடும் இயக்குநர்கள் உளர். நமக்கு அது உடன்பாடன்று. அவள் சொல்லும் சொல்லே ஒலியை எழுப்பிவிட்டது. சொல் எழுப்பிய ஒலியைக் கருவியும் எழுப்பினால், கூறியது கூறல் என்னும் குற்றம் வரும்.

அடுத்துத்தான் அந்தப் புகழ்பெற்ற கதவுத் தட்டு வருகிறது. கத்திகளைத் திரும்ப வைத்துவர மனைவி உள்ளே போகிறாள்; மாக்பெத் தனித்து நிற்கிறான்; எங்கோ கதவு தட்டப்படுகிறது. 1823-இல் டி குவின்சி என்னும் ஆங்கில எழுத்தாளர் இவ்வொலி ஒன்றைப் பற்றி மட்டுமே ஒரு கட்டுரை எழுதினார். கொலை நிகழும்போது மனித உலகம் நின்றுவிடுகிறது. தட்டும் ஓசை எழுந்ததும் உயிர்ப்பின் நாடி மீண்டும் அடிக்கத் தொடங்குகிறது. நின்றது மீண்டும் இயங்கும்போதுதான் அது நின்றிருந்ததையே நாம் உணர்கிறோம் என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

இதனை மறுப்பார் இல்லை. ஆயினும், டி குவின்சி காலத்தைப் பற்றிப் பேசினாரேயன்றி இடத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதே நமது எளிய குறை. முதல் தட்டு கேட்கும்போது, அது எங்கிருந்து வருகிறது என்பதே மாக்பெத்துக்குப் புலப்படவில்லை. மனைவி திரும்பி வந்ததும், தெற்கு வாயிலில் தட்டுகிறார்கள் என்று தெளிவாகச் சொல்கிறாள். அடுத்த காட்சியில் குடித்து உறங்கிய வாயிற்காவலன் அதே தட்டைக் கேட்டு, தன்னை நரக வாயிலின் காவலனாகப் பாவித்து வேடிக்கை பேசுகிறான். ஓசை ஒன்று, கேட்டோர் மூவர். குற்றமுள்ள நெஞ்சுக்கு அது திசையற்ற அச்சம்; துணிந்த நெஞ்சுக்குத் திசையறிந்த செய்தி; கள்ளமற்ற நெஞ்சுக்கு நகைச்சுவை. ஆதலின், முதல் தட்டு அவையின் எல்லாப் பக்கமும் மங்கலாகப் பரவி, பின்னர் படிப்படியாக ஒரு திசையில் நிலைபெற வேண்டும். தொடக்கம் முதல் ஒரே ஒலிபெருக்கியில் ஒரே அளவில் ஒலித்தால் மூவரும் ஒருவராகி விடுவர்.

இனிச் செகாவ். 'செர்ரித் தோட்டம்' 1904 ஜனவரியில் மாஸ்கோ கலை அரங்கில் முதன்முதல் அரங்கேறியது. கடனில் மூழ்கிய பழங்குடும்பம் ஒன்று தன் தோட்டத்தை இழக்கும் கதை அது. இரண்டாம் அங்கத்தில், அந்தி வேளையில், திறந்த வெளியில் எல்லோரும் பேச்சற்று அமர்ந்திருக்கிறார்கள். கிழப் பணியாள் பீர்ஸின் முணுமுணுப்பு மட்டும் கேட்கிறது. அப்போது வெகுதொலைவில், வானத்திலிருந்து வருவதுபோல், அறுந்த நரம்பின் ஓசை ஒன்று சோகமாக எழுந்து தேய்கிறது.

அது என்ன ஓசை? வணிகன் லொபாகின், எங்கோ சுரங்கத்தில் வாளி அறுந்து விழுந்திருக்கும் என்கிறான். வீட்டுத் தலைவியின் தமையன், நாரை போன்ற பறவையாக இருக்கலாம் என்கிறான். மாணவன் திரோபீமொவ், ஆந்தையாக இருக்கலாம் என்கிறான். தலைவி ரனேவ்ஸ்கயா காரணம் எதுவும் சொல்லவில்லை, உடல் நடுங்குகிறாள். பீர்ஸோ, அந்தத் துயரத்துக்கு முன்னும் இப்படித்தான் கேட்டது என்கிறான். எந்தத் துயரம் எனக் கேட்டால், பண்ணையடிமைகளுக்கு விடுதலை வந்ததைச் சொல்கிறான். 1861-இல் வந்த விடுதலை, எசமானரின் நிழலிலேயே முதிர்ந்த அக்கிழவனுக்குத் துயரமாகத் தோன்றுகிறது. ஓசை எதுவென்று எவருக்கும் தெரியாது. ஆயினும், ஒவ்வொருவரும் அதைப் பற்றிச் சொன்ன சொல்லில் தம்மையே காட்டிவிட்டனர்.

இங்கேதான் ஒலி அமைப்போன் சோதனைக்கு உள்ளாகிறான். யாழோ வயலினோ அறுவதுபோல் துலக்கமாக ஒலித்தால், வாளி என்றும் நாரை என்றும் சொல்வோர் அறிவிலிகளாகத் தோன்றுவர். மின்னணுக் கருவி கொண்டு இவ்வுலகில் இல்லாத ஒலியை எழுப்பினால், அவர்களுடைய சாதாரண ஊகங்கள் பொய்யாகிவிடும். வாளி என்றாலும் தகும், பறவை என்றாலும் தகும், இரண்டும் அல்ல என்றாலும் தகும் என்னும்படியான ஒலியே வேண்டும். 1887-இல் செகாவ் எழுதிய 'இன்பம்' என்னும் சிறுகதையிலும் புல்வெளியில் இத்தகைய ஓசை கேட்கிறது. அங்கும் சுரங்க வாளியே காரணமாகச் சொல்லப்படுகிறது. பதினேழு ஆண்டுகள் ஓர் ஓசையை நெஞ்சிற் சுமந்தவர் அதை விளையாட்டாக எழுதியிருக்க மாட்டார்.

அரங்கேற்றிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கியோ ஒலிகளில் தீராத காதல் கொண்டவர். தவளையும் வயற்பறவையும் மேடையில் குரலெழுப்ப வேண்டுமென விரும்பினார். புல் அறுக்கும் ஜூன் பிற்பகுதியில் அவை இரண்டுமே ஓய்ந்துவிடும் என்று செகாவ் 1903-இல் அவருக்குக் கடிதம் எழுதினார். பறவையும் நாயும் மணியும் சிள்வண்டும் எதுவுமே கேட்காத அமைதியைப் புகழ்ந்து தொடங்கும் நாடகம் ஒன்றை எழுதப்போவதாக அவர் கேலி பேசியதை ஸ்டானிஸ்லாவ்ஸ்கியே தம் நூலில் பதிந்துள்ளார். அரங்கேறிய பின்னும் செகாவுக்கு நிறைவில்லை. 1904 மார்ச்சில், அவ்வோசை இன்னும் மிகக் குறுகியதாக, வெகுதொலைவிலிருந்து வருவதாக உணரப்பட வேண்டுமென மனைவி வழியாக அரங்கத்தாருக்குச் சொல்லியனுப்பினார். அவ்வாண்டு ஜூலையில் அவர் மறைந்தார். மறைவதற்குச் சில மாதம் முன்பு ஒரு கலைஞன் தன் நாடகத்தில் ஓர் ஓசையின் நீளத்தைப் பற்றிக் கவலையுற்றான் என்பது ஒலியைச் சிறுபொருள் எனக் கருதுவோர் எண்ணிப் பார்க்கத் தக்கது.

குறுகியது, தொலைவானது என்னும் இரு சொற்களில் ஒலிக்கலையின் இலக்கணம் முழுவதும் அடங்கும். அரபு யாப்பிலக்கணத்தார் எழுத்துகளை இயங்குவன என்றும் அடங்குவன என்றும் பிரித்து, அடங்கும் எழுத்தையும் சீரின் கணக்கில் சேர்ப்பர். நாடகத்திலும் அவ்வாறே. ஓசைக்கு முன்னுள்ள அமைதியும், அது தேய்ந்தபின் உள்ள அமைதியும் கணக்கில் சேர வேண்டும்.

நான்காம் அங்கத்தில் தோட்டத்தில் கோடரி ஒலி எழுகிறது. அம்மா புறப்படும்வரை வெட்டாதிருக்கும்படி மகள் வந்து வேண்டுகிறாள். எல்லோரும் சென்றபின் கோடரி மீண்டும் ஒலிக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் மறந்து விடப்பட்ட பீர்ஸ் அசைவற்றுப் படுத்துக்கிடக்கிறான். அறுந்த நரம்பின் ஓசை இரண்டாம் முறை கேட்கிறது. இப்போது வாளி என்று சொல்லவோ ஆந்தை என்று சொல்லவோ மேடையில் ஆளில்லை. அது என்னவென்று ஊகிக்கும் கடமை அவையில் அமர்ந்த நம்மீது வந்து விழுகிறது. அதன்பின் அமைதி, அமைதியில் கோடரி. அதை ஊகிக்க வேண்டுவதில்லை. அது இன்னதென்று எல்லோருக்கும் தெரியும்.

இத்தகைய ஒலிகள் நொடி பிசகினால் நாடகம் கெடும். ஆகவேதான் முறையறிந்த அரங்குகளில், மேடை நிர்வாகியின் கையில் நாடகப் படி ஒன்று இருக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் எண் இட்டு, எந்தச் சொல்லில் அல்லது எந்த அசைவில் தொடங்குவது, எந்தத் திசை ஒலிபெருக்கியில் வருவது, எவ்வளவு உரத்து ஒலிப்பது, எத்தனை நொடியில் தேய்வது என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஒலிக்கருவியில் அமர்ந்தவர் தம் விருப்பப்படி இயக்குவதில்லை. நிர்வாகி முன்கூட்டியே ஆயத்தப்படுத்துவார். ஆயத்தம் என மறுமொழி வந்தபின், உரிய கணத்தில் 'கோ' என்பார். அச்சொல்லில் ஒலி பிறக்கும். நடிகர் வரியை விழுங்கினாலும் தாண்டினாலும், மேடையைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் நிர்வாகி அதற்கேற்பச் சைகையை முன்தள்ளுவார், பின்தள்ளுவார். நாடா போய்க் கணினி வந்தபின்னும் இம்முறை மாறவில்லை. பொத்தானை அழுத்தும் கணத்தைத் தீர்மானிக்க இன்னமும் ஒரு மனிதர் வேண்டும்.

இதை அறியாத காலத்தில் நாம் ஒரு பிழை செய்தோம். 1997-இல் பள்ளி ஆண்டு விழாவில் மாணவரைக் கொண்டு 'மாக்பெத்'தின் கொலைக் காட்சியைத் தமிழில் நடத்தினோம். கதவுத் தட்டு நாடாவில் பதியப்பட்டிருந்தது. டேப் ரிகார்டரின் அருகே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை அமர்த்தி, 'இன்ன வரி வந்ததும் அழுத்து' என்று சொல்லி வைத்தோம். மேடையில் நின்றவன் பதற்றத்தில் அவ்வரியையே விட்டுவிட்டான். கருவியருகே இருந்தவன் விரலைப் பொத்தான் மீது வைத்தபடி, வராத வரிக்காகக் காத்திருந்தான். மாக்பெத் கேளாத ஓசையைக் கேட்டு நடுங்கினான், அவை சிரித்தது. மனைவி திரும்பி வந்தபின் தட்டு ஒலித்தது; அவை மேலும் சிரித்தது.

காட்சி முடிந்ததும் நாம் அச்சிறுவனைப் பலர் முன்னிலையில் கடிந்துகொண்டோம். அவன் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், 'நீங்கள் சொன்ன வரி வரவில்லை ஐயா' என்று சொல்லியிருக்கலாம். நாம் இட்ட கட்டளையை அவன் ஒருவனே அன்று முழுமையாகக் காத்தான். மேடையைக் கண்டு அவனுக்குச் சைகை தர ஓர் ஆளை நாம் அமர்த்தவில்லை. பிழை நம்முடையது, கடிந்துரை அவனுக்குச் சேர்ந்தது. செகாவின் கடிதங்களைப் பின்னர் படித்தபோதுதான் இது நமக்கு உறைத்தது.

நடிகனுக்குக் கைதட்டல் உண்டு. திரைமறைவில் ஓசை எழுப்புவோனுக்கு, வேலை செம்மையாக நடந்தால் அவன் இருப்பதே தெரியாது. தவறினால் மட்டும் தெரியும். திறனாய்வாளர் செவியைத் திறந்து வைத்திருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவது அதனாலேயே. அடுத்த முறை நாடகம் காணும்போது, ஒரு கதவுத் தட்டு உங்கள் நெஞ்சைத் தொடுமாயின், அதை உரிய கணத்தில் எழுப்பிய கையையும் ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அன்று அச்சிறுவனை நாம் அவ்வாறு நினைத்துப் பார்க்கவில்லை.