பெட்டி ஓடுவது வேறு, பார்ப்பது வேறு

தொலைக்காட்சிப் பார்வையாளர் ஆய்வில் களத்தில் தங்கிப் பார்ப்பது அகமதாபாத் வழி, நேயர் கடிதங்களைப் படிப்பது கடித வழி, பெட்டியில் ஓடியதைக் கருவி வைத்து எண்ணுவது மீட்டர் வழி என்று நம் சங்கக் கூட்டங்களில் பிரித்துப் பேசுவது உறுப்பினர்களுக்குப் பழக்கமானதுதான். என் வாதம் ஒன்றே ஒன்று. எந்த வீட்டில் எது ஓடியது என்பதை எண்ணிக்கை சொல்லிவிடும். ஓடியதை வீட்டார் என்னவாக எடுத்துக்கொண்டார்கள் என்பது கூடத் தரையில் அவர்களோடு உட்கார்ந்தால்தான் தெரியும்.

1975 ஆகஸ்ட் 1 முதல் ஓராண்டு காலம், ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு ‘சைட்’ என்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனையின் நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் இல்லை. அதே மாதம் 15-ஆம் தேதி நமக்குக் கிடைத்தது சென்னை நிலையம், அதுவும் நகரத்துக்கும் சுற்றுவட்டாரத்துக்கும்தான். ஆனாலும் ‘சைட்’ விட்டுச்சென்ற ஆய்வு முறை, அதாவது அகமதாபாத் வழி, நம் முன்னோடிகள் கைக்கு வந்து சேர்ந்தது. அங்கே வினாப்பட்டியலும் இருந்தது, கணக்கும் இருந்தது. அவற்றோடு பினோத் அகர்வால் போன்ற மானிடவியலர்களின் பொறுப்பில் கிராமத்திலேயே மாதக்கணக்கில் தங்கிப் பார்த்தவர்களும் இருந்தார்கள். புதுமை தீர்ந்ததும் பெட்டிக்கு முன்னிருந்த கூட்டம் கரைந்தது. ஏன் கரைந்தது, எஞ்சியவர்கள் யார், முன்வரிசை எந்தத் தெருவுக்கு, ஓரம் எந்தத் தெருவுக்கு என்பதையெல்லாம் எந்த வினாத்தாளிலும் யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

கடித வழியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 1984–85இல் தூர்தர்ஷனில் 156 பகுதிகள் ஓடிய ‘ஹம் லோக்’ தொடருக்குச் சுமார் நான்கு லட்சம் கடிதங்கள் வந்தன. அவற்றை வைத்தும், தில்லி, புணே, சென்னை நகரங்களில் நேரில் கேட்டும் அரவிந்த் சிங்கலும் எவரெட் ரோஜர்சும் செய்த ஆய்வு இன்றைக்கும் படிக்கத் தகுந்தது. அடங்கிப்போகும் தாய் பாகவந்தியைப் பார்த்துப் பெண்கள் எச்சரிக்கை அடைவார்கள் என்று கதை எண்ணியது. கணிசமானவர்களோ அவளையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். சென்னையில் இந்தி குறுக்கே நின்றதால் பார்த்தவர் தொகையே சரிந்தது. அனுப்பியது ஒன்று, போய்ச் சேர்ந்தது இன்னொன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

“நாலு வீட்டில் உட்கார்ந்து பார்த்ததை நாட்டுக்கே பொதுவாக்கலாமா?” என்று மீட்டர் வழியினர் கேட்பது நியாயமான கேள்வி. பொதுவாக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எண்ணிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. ராபர்ட் ஜென்சனும் எமிலி ஓஸ்டரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களும் உண்டு. 2001–2003 காலத்தில் கேபிள் புதிதாக வந்த ஊர்களில், கணவன் அடிப்பதைச் சரியென்று சொல்லும் பெண்கள் குறைந்தார்கள், ஆண்பிள்ளைதான் வேண்டும் என்ற விருப்பமும் தளர்ந்தது என்றார்கள். ஐவர்சனும் பாமர்-ஜோன்சும் 2014இல் அதே தரவைத் திரும்ப ஆராய்ந்து, அந்த முடிவு நிற்குமா என்று கேட்டார்கள். அந்த வழக்கு அவர்களுக்குள் இருக்கட்டும். முடிவு சரியென்றே கொண்டாலும், அந்த மாற்றத்தைச் செய்தது எது? அன்று நம் ஊர்களில் ஓடியவை ‘சித்தி’, ‘மெட்டி ஒலி’ போன்ற தொடர்கள். ‘மெட்டி ஒலி’ சொன்ன, ஐந்து பெண்களைப் பெற்ற தகப்பனின் கதையில் புகுந்த வீட்டுக் கொடுமைக்குப் பஞ்சமே இல்லை. அதைப் பார்த்தவள் “இதைப் பொறுக்கக்கூடாது” என்று நினைத்தாளா, “எல்லா வீட்டிலும் இப்படித்தான்” என்று ஆறுதல் கொண்டாளா? அட்டவணையில் இரண்டும் ஒரே மணி நேரம்தான். 2015 முதல் பார்க் (BARC) நிறுவனம் வீடுகளில் மீட்டர் வைத்து நடத்தும் பார்வையாளர் கணிப்புக்கும் இதே எல்லை உண்டு. 2020 அக்டோபரில் மோசடிப் புகார் எழுந்து, செய்திச் சேனல்களின் புள்ளிகள் நிறுத்தப்பட்டு, 2022 மார்ச்சில்தான் திரும்ப வந்தன. புகாரே எழாமல் போயிருந்தாலும் அந்தப் பெண்ணின் மனம் மீட்டருக்குள் ஏறியிருக்காது.

களத்தில் தங்கிப் பார்க்க எனக்குக் கற்றுத்தந்த ஆசிரியரின் நெறி இங்கேதான் நிற்கிறது. திரையில் வந்தது, அறையில் இருந்தவர், அப்போது கை செய்த வேலை, வாய் சொன்ன சொல் என ஒரே பக்கத்தில் நேரம் போட்டு எழுத வேண்டும். விளம்பர இடைவேளையில் பேனாவை மூடக்கூடாது, பேச்சு வருவதே அப்போதுதான். ஆள் உட்கார்ந்தால் வீட்டார் இயல்பு மாறிவிடும் என்பார்கள். மாறும், விருந்தாளி பழகியபின் அடுப்பு வேலை தன்பாட்டில் நடப்பதைப்போல அதுவும் பிறகு தணியும். அதற்காகத்தான் நீண்ட தங்கல்.

இன்றைய ஆய்வேடுகளைப் பற்றி யாரையும் சுட்டிச் சொல்லவில்லை, உழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும் கைபேசியில் படிவம் அனுப்பி, ‘ஓரளவு உடன்படுகிறேன்’ என்பதற்கு நாற்பது விழுக்காடு என்று வண்ணப்படம் போடுவது ஆய்வாகிவிட்டது. தொடரை ஒரு பகுதிகூட முழுதாகப் பார்க்காமல் அதன் தாக்கம் எழுதப்படுகிறது. முன்னுரை ஓர் ஏட்டிலிருந்து, முடிவுரை இன்னொன்றிலிருந்து. நன்றியுரை மட்டும் சொந்தம். அதிலும் எழுத்துப்பிழை. அட்டையில் தங்க எழுத்துக்கு ஆகும் செலவில் ஒரு வாரம் கிராமத்தில் தங்கலாம். மலையடிவாரத்து ஒடுகத்தூரிலிருந்து பேருந்தில் ஏறினால் சவ்வாது மலை. 2006இல் தொடங்கி அரசு இலவசமாகத் தந்த வண்ணத் தொலைக்காட்சிகள் மாநிலம் முழுதும் ஒன்றரைக் கோடிக்கு மேல்; அந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தொடர்களில் வரும் சமவெளிக் குடும்பச் சண்டைகளை என்னவாகப் பார்க்கிறார்கள் என்று ஏறிப்போய்க் கேட்க எத்தனை பேருக்குக் கால் வருகிறது? அடிவாரத்தில் இருந்துகொண்டே ‘மலைக்கிராமப் பார்வையாளர்கள்’ என்று தலைப்பிடுபவர்களுக்குக் கருத்தரங்கில் மாலையும் விழுகிறது. நம் சங்கம் ஒன்றாவது செய்யலாம்: களக்குறிப்பேட்டை இணைக்காத கட்டுரைக்கு அடுத்த ஆண்டு முதல் நம் மேடையில் இடமில்லை என்று தீர்மானம் போடலாம். பெரியவர்கள் முன்மொழிந்தால் வழிமொழிய நான் இருக்கிறேன்.